சில்வர்–ரஸல் குறைபாடுள்ள குழந்தையின் எடையைக் கூட்டுவது எப்படி: பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

என் மகள் 38 வாரங்கள் நிறைந்து பிறந்தவள். ஆனாலும் பிறந்த அன்று அவளுடைய எடை 1 கிலோ 650 கிராம்தான் இருந்தது. உடல் ஒரு கைக்குள் அடங்கியது, தலை மட்டும் மற்றக் குழந்தைகளின் தலையளவுக்கு இருந்தது. நெற்றி முன்தள்ளி, முகம் கீழே வரவரக் குறுகி, முக்கோணம் போலத் தெரிந்தது. பாலாடையில் 20 மி.லி. பால் புகட்ட முக்கால் மணி நேரம் ஆகும். அதில் பாதியை அவள் கக்கிவிடுவாள். அங்கன்வாடி அட்டையில் அவளுடைய புள்ளி எப்போதும் மிகக் குறைந்த எடையைக் காட்டும் பட்டைக்குள்ளேயே விழுந்ததால், ‘சவலைப் பிள்ளை’ என்றும், தாய் சரியாகக் கொடுப்பதில்லை என்றும் பேசினார்கள். குடலேற்றம் தட்டச் சொன்னார்கள். வசம்பு உரசிக் கொடுக்கச் சொன்னார்கள். குறைபாட்டின் பெயர் தெரியாத அந்த இரண்டு ஆண்டுகளில் எடையை மட்டுமே துரத்தி நான் செய்த தவறுகள் பல. சில்வர்–ரஸல் என்ற இந்த வளர்ச்சிக் குறைபாட்டில் எடைக்கு முன்னால் கவனிக்க வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றைச் சரிசெய்யாமல் சோற்றை அள்ளித் திணித்தால் எடையும் ஏறாது, குழந்தையும் உணவை வெறுத்துவிடும். ஆகவே கீழே உள்ள படிகளை இதே வரிசையில் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இவை அனைத்தும் குழந்தை நல மருத்துவரின் கண்காணிப்புடன் செய்ய வேண்டியவை.

முதல் படி: பெயரை உறுதிசெய்தல்

இந்தக் குறைபாட்டை 1953-இல் ஹென்றி சில்வரும் 1954-இல் அலெக்சாண்டர் ரஸலும் தனித்தனியாக விவரித்ததால், இருவரின் பெயராலும் அது வழங்குகிறது. ஆறு அடையாளங்களில் குறைந்தது நான்கு இருந்தால் மருத்துவர்கள் இதைச் சந்தேகிக்கிறார்கள்: வயிற்றில் இருந்த காலத்துக்கு ஏற்ற எடையோ நீளமோ இல்லாமல் பிறப்பது, இரண்டு வயதிலும் உயரம் மிகக் குறைவாகவே இருப்பது, பிறக்கும்போது உடலோடு ஒப்பிடத் தலை பெரிதாக இருப்பது, நெற்றி முன்தள்ளியிருப்பது, உடலின் ஒரு பக்கக் கையோ காலோ மறுபக்கத்தைவிடச் சிறிதாக இருப்பது, உண்பதில் சிரமம் அல்லது மிக மெலிந்த உடல். என் மகளின் இடது கால் ஒரு சென்டிமீட்டர் குட்டையாக இருந்ததை, கொலுசு அளவெடுக்கப் போன இடத்தில்தான் முதலில் கவனித்தோம்.

மரபணுச் சோதனையில் பெரும்பாலும் 11-ஆம் குரோமோசோமில் ஒரு பகுதியின் மெத்திலேற்றம் (மரபணுக்களின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் வேதிக் குறி) குறைந்திருப்பது தெரியவரும். சிலரிடம் 7-ஆம் குரோமோசோமின் இரு பிரதிகளும் தாயிடமிருந்தே வந்திருக்கும். வழக்கமான குரோமோசோம் சோதனையில் மெத்திலேற்றக் குறை தெரியாது. அதனால் ‘குரோமோசோம் நார்மல்’ என்ற அறிக்கையோடு நின்றுவிடாமல், மெத்திலேற்றச் சோதனை செய்யப்பட்டதா என்று கேளுங்கள். எல்லாச் சோதனைகளும் சரியாக இருந்தும், அடையாளங்களை வைத்தே இந்தக் குறைபாடு என்று முடிவுசெய்யப்படும் குழந்தைகளும் கணிசமாக இருக்கிறார்கள். எனவே சோதனை முடிவு வரும் வரை உணவுச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

இரண்டாம் படி: எந்த எடையை நோக்கிப் போகிறோம் என்று தீர்மானித்தல்

வயதுக்கேற்ற எடை என்ற அளவுகோலை இந்தக் குழந்தைகள் விஷயத்தில் ஓரமாக வைத்துவிட வேண்டும். இரண்டு வயதுப் பெண் குழந்தையின் சராசரி எடை உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி 11.5 கிலோ. 75 சென்டிமீட்டர் நீளமே உள்ள குழந்தையை அந்த எடைக்குக் கொண்டுவர முயன்றால், சேர்வது பெரும்பாலும் கொழுப்பாகவே இருக்கும். நாம் பார்க்க வேண்டியது, குழந்தையின் நீளத்துக்கு ஏற்ற எடையில் எத்தனை விழுக்காடு இருக்கிறது என்பதே. 75 சென்டிமீட்டர் நீளமுள்ள குழந்தையின் சராசரி எடை ஏறத்தாழ 9 கிலோ என்று வைத்துக்கொண்டால், அதில் 75 முதல் 85 விழுக்காடு, அதாவது 6 கிலோ 750 கிராமிலிருந்து 7 கிலோ 650 கிராம் வரை இருந்தாலே, இரண்டு முதல் நான்கு வயதுக்குட்பட்ட சில்வர்–ரஸல் குழந்தைக்கு அது போதுமான எடையாகக் கொள்ளப்படுகிறது.

இந்தக் கணக்கைக் கேட்டபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. விலா எலும்பு தெரியும் குழந்தையைப் பார்த்து ‘போதும்’ என்று எந்தத் தாயால் சொல்ல முடியும்? ஆனால் இந்தக் குழந்தைகளுக்கு இயல்பாகவே தசை குறைவு. எடை வேகமாக ஏறினால் பிற்காலத்தில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவதும், பருவமடைதலுக்கான மாற்றங்கள் உரிய வயதுக்கு முன்பே தொடங்கி, எலும்பு விரைந்து முதிர்ந்து, வளர வேண்டிய உயரம் வளராமல் போவதும் நேரலாம். மெலிந்த உடலைப் பார்த்துப் பதறாமல் இருப்பதும் இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதி. எந்த எண்ணை எட்ட வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டு, எழுதி வாங்கி, வீட்டில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். பாட்டியும் அத்தையும் கேட்கும் கேள்விகளுக்கு அந்தத் தாளே பதில் சொல்லும்.

மூன்றாம் படி: இரத்தச் சர்க்கரை இறங்காமல் காத்தல்

எடைக்கு முன்னால் வரவேண்டியது இதுதான். பெரிய மூளைக்கு நிறையச் சர்க்கரை தேவை. அதைச் சேமித்து வைக்கும் கல்லீரலும் தசையும் சிறியவை. ஆகவே சில மணி நேரம் வயிறு காலியாக இருந்தாலே சர்க்கரை இறங்கிவிடுகிறது. வெளிப்படையான அறிகுறி ஏதும் இல்லாமலும் இறங்கலாம் என்பதுதான் கவலைக்குரியது.

ஒருநாள் அதிகாலை மூன்று மணிக்கு என் மகளின் பின்கழுத்தில் கை வைத்தபோது தலையணை உறை முழுவதும் ஈரமாக இருந்தது. மார்கழி மாதம், மின்விசிறியும் ஓடிக்கொண்டிருந்தது. எழுப்பினால் கண் திறந்து, மீண்டும் சொருகிக்கொண்டாள். அதற்கு முன்பும் பல இரவுகள் அவளுக்கு வியர்த்திருந்தது. சின்னக் குழந்தைகளுக்கு வியர்க்கத்தான் செய்யும் என்று ஒரு மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்று இரத்தச் சர்க்கரை பார்த்தபோது 46தான் இருந்தது, மிகக் குறைவு. இரவு வியர்வை, விடியற்காலையில் காரணமில்லாத எரிச்சலும் சோர்வும், உடல் நடுக்கம், வலிப்பு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் முதலில் நினைக்க வேண்டியது சர்க்கரையைத்தான்.

வீட்டில் கீட்டோன் பட்டை (உடல் கொழுப்பை எரிக்கும்போது சிறுநீரில் வரும் கீட்டோனைக் காட்டும் சோதனைப் பட்டை) வைத்திருப்பது மிகவும் உதவும். காலையில் வரும் முதல் சிறுநீரில் அதை நனைத்து, டப்பாவில் குறிப்பிட்டுள்ள நேரம் கழித்துப் பார்த்தால், மங்கிய நிறத்திலேயே இருக்கிறதா, இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ மாறியிருக்கிறதா என்று தெரியும். நிறம் மாறியிருந்தால் இரவு உணவு விடியும் வரை தாங்கவில்லை, உடல் தன் கொழுப்பையே எரித்திருக்கிறது என்று பொருள். பகல் முழுவதும் ஊட்டியதை இரவில் உடலே தின்றுவிட்டால் எடை எங்கிருந்து ஏறும்?

சுமார் பத்து மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு, இரவின் கடைசி உணவில் வேகவைக்காத கார்ன்ஃப்ளாரைக் கலந்து கொடுக்க மருத்துவர் சொல்லலாம். அது மெல்லச் செரித்து, மணிக்கணக்கில் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும். குழந்தையின் எடையைப் பொறுத்து அளவை மருத்துவரே குறித்துத் தர வேண்டும். கடையில் மக்காச்சோள மாவு என்று கேட்டால் சப்பாத்திக்கான மஞ்சள் மாவைக் கொடுத்துவிடுவார்கள். வேண்டியது வெள்ளையாக, வழவழப்பாக இருக்கும் கார்ன்ஃப்ளார். அதை ஆறிய பாலிலோ தயிரிலோதான் கலக்க வேண்டும். சூடான பாலில் கலந்தாலோ காய்ச்சினாலோ மாவுமணிகள் உடைந்து சீக்கிரம் செரித்துவிடும், பயன் போய்விடும். கொடுத்த பிறகு பல்லையும் ஈறையும் ஈரத்துணியால் துடையுங்கள்.

காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து சாப்பிடாமல் போனால், ஒருவேளை பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். மற்றக் குழந்தைக்கு ஒரு நாள் அவகாசம் உண்டு. இந்தக் குழந்தைக்கு மணிக்கணக்கில்தான் அவகாசம்.

நான்காம் படி: வயிற்றைச் சீர்படுத்துதல்

இந்தக் குழந்தைகளில் பலருக்கு இரைப்பை காலியாக நெடுநேரம் ஆகிறது, உண்டது மேலெழும்புகிறது, மலச்சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. மலம் தேங்கிய வயிற்றில் பசி எடுக்காது. என் மகள் நான்கு நாளுக்கு ஒருமுறை மலம் கழித்தபோது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், வாய்வழியாகப் போவதை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன். மருத்துவர் முதலில் மலத்தை இளக்கும் மருந்து கொடுத்தார். பத்து நாளில், வேறெந்த மாற்றமும் இல்லாமல், அவள் கிண்ணத்தை நோக்கிக் கை நீட்டினாள்.

மேலெழும்பலுக்கு, உணவுக்குப் பின் அரை மணி நேரம் குழந்தையை நிமிர்த்தி வைத்திருங்கள். அளவைச் சிறிதாக்கி, முறைகளைக் கூட்டுங்கள். அமிலத்தைக் குறைக்கும் மருந்து தேவையா என்பதை மருத்துவர் சொல்வார். பசி டானிக் என்று மருந்துக் கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் சிரப்புகள் பலவற்றில் இருப்பது சைப்ரோஹெப்டடின். இந்தக் குறைபாட்டில் அது சில குழந்தைகளுக்கு உண்மையாகவே உதவுகிறது. ஆனால் அது தூக்கத்தை வரவழைக்கும் மருந்து. தூங்கிப்போய் இரவு உணவு தவறினால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன். ஆகவே தானாக வாங்கிக் கொடுக்கக் கூடாது.

ஐந்தாம் படி: அளவைக் கூட்டாமல் அடர்த்தியைக் கூட்டுதல்

குழந்தையின் இரைப்பை, ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 30 கிராம் உணவுதான் கொள்ளும். 9 கிலோ குழந்தை ஒரு வேளைக்கு 270 கிராம் உண்ணும். 5 கிலோ குழந்தைக்கு 150 கிராம்தான் இடம். அந்த 150 கிராமுக்குள் என்ன இருக்கிறது என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

நம் வீடுகளில் உடம்புக்கு நல்லது என்று நம்பிக் கொடுப்பவற்றில் பெரும்பகுதி தண்ணீர். பருப்புத் தண்ணீர், ரசம் கரைத்த சாதம், நீர்த்த அரிசிக் கஞ்சி ஆகியவை வயிற்றை நிரப்பிவிட்டு உடலுக்கு அதிகம் தருவதில்லை. பருப்பின் புரதம் அடியில் தங்கும் பருப்பில்தான் இருக்கிறது. தெளிந்த நீரை இறுத்துக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, பருப்பை நாம் சாம்பாரில் போட்டுக்கொள்கிறோம். அதைத் தலைகீழாக்குங்கள்: குழைய வெந்த பருப்பைக் குழந்தைக்கும் நீரைக் குழம்புக்கும் வையுங்கள்.

ஒரு மேசைக்கரண்டி ராகி மாவை, சுமார் 10 கிராம், 150 மி.லி. கூழாகக் காய்ச்சினால் கிடைப்பது ஏறத்தாழ 35 கலோரி. அதே 150 மி.லி.யில் 25 கிராம் மாவும், ஒரு தேக்கரண்டி நெய்யும், நைசாக அரைத்த 10 கிராம் வறுத்த வேர்க்கடலையும் இருந்தால் ஏறத்தாழ 190 கலோரி. ஐந்து மடங்குக்கும் மேல். (வேர்க்கடலையை முதல்முறை கொடுக்கும்போது கால் தேக்கரண்டி மட்டும் கொடுத்து, ஒவ்வாமை ஏதும் வருகிறதா என்று பாருங்கள், முழுக் கடலையைச் சின்னக் குழந்தைக்குத் தரவே கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும்.)

ஆனால் 25 கிராம் மாவைக் காய்ச்சினால் அது களியாக இறுகிவிடும், குழந்தையால் விழுங்க முடியாதே என்று கேட்பீர்கள். அதற்கு முளைகட்டிய ராகி மாவு வழி செய்கிறது. ராகியை ஓர் இரவு ஊறவைத்து, துணியில் கட்டித் தொங்கவிட்டு, ஒன்றிரண்டு நாளில் வெள்ளை முளை விட்டதும் நன்றாகக் காயவைத்து அரைக்க வேண்டும். வழக்கமாக இதை வாசனை வர வறுப்போம். இந்தத் தேவைக்கு மட்டும் ஒரு சிறு பகுதியை வறுக்காமல் தனியே எடுத்துவையுங்கள், ஏனெனில் முளையில் உள்ள, மாவை இளக்கும் அமைலேஸ் என்ற நொதி சூட்டில் செத்துவிடும். சாதாரண மாவில் கெட்டியாகக் களி காய்ச்சி, அடுப்பிலிருந்து இறக்கி, விரல் தாங்காத சூடு தணிந்த பின், வறுக்காத முளைமாவில் அரைத் தேக்கரண்டியைத் தூவிக் கிளறுங்கள். கரண்டியை நிறுத்தினால் நிற்கும் களி, மூன்று நான்கு நிமிடத்தில் கண்ணெதிரே இளகி, கரண்டியிலிருந்து நூலாக ஒழுகும் கூழாகிவிடும். ஒரு துளி தண்ணீர் சேர்க்கவில்லை. கலோரி அப்படியே இருக்கிறது. பிறகு மீண்டும் அடுப்பில் வைத்து ஒரு கொதி விட்டு இறக்குங்கள். முளைமாவில் இருக்கக்கூடிய கிருமிகள் அதில் போய்விடும். நெய்யையும் அரைத்த வேர்க்கடலையையும் இந்தக் கட்டத்தில் சேருங்கள். இப்படி இளக்கிய கூழ் விரைவில் செரித்துவிடுமாதலால் பகல் உணவாக மட்டும் கொடுங்கள். இரவை அதை நம்பிக் கழிக்க முடியாது.

மற்றவை எளியவை. பருப்புச் சாதத்தில் நெய், இட்லியில் நல்லெண்ணெய், பிசைந்த வாழைப்பழத்தில் தேங்காய்ப்பால், ஏடு எடுக்காத தயிர், முட்டையின் மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்த பொரியல், முள் நீக்கிய மீன். ஒரு தேக்கரண்டி நெய்யோ எண்ணெயோ 40 முதல் 45 கலோரி தரும். எனினும் கொழுப்பை மட்டும் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். தசைக்குப் புரதம் வேண்டும்; அதனால் ஒவ்வொரு வேளையிலும் பருப்பு, முட்டை, மீன், தயிர் ஆகியவற்றில் ஒன்றாவது இருக்கட்டும்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலும், தேவைப்பட்டால் பால் பவுடருமே முதன்மை உணவு. அந்தப் பவுடரைக் கூடுதலாகப் போட்டுக் கெட்டியாகக் கலக்கும் வேலையை நீங்களாகச் செய்யாதீர்கள். நீர் குறைந்து உப்புகள் மிகுந்தால் பிஞ்சுச் சிறுநீரகம் தாங்காது. தாய்ப்பாலையோ பவுடர் பாலையோ செறிவூட்டுவது எப்படி என்பதை உணவியல் நிபுணர் அளந்து எழுதித் தர வேண்டும். ஒரு வயதுக்குப் பின்னர் நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் வேண்டாம். வயிறு பாலாலேயே நிரம்பி, இரும்புச்சத்தும் குறைந்துவிடும்.

ஆறாம் படி: புகட்டும் முறையை மாற்றுதல்

காலை அகட்டி மடியில் கிடத்தி, மூக்கை அழுத்தி, வாய் திறக்கும்போது ஊற்றும் பழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. நானும் செய்திருக்கிறேன், அதற்காக இன்றும் வருந்துகிறேன். மூச்சுக்குழாய்க்குள் உணவு போகும் ஆபத்து ஒருபுறம் இருக்க, கரண்டியைக் கண்டாலே உடல் விறைக்கும் அச்சம் குழந்தைக்குள் பதிந்துவிடுகிறது. அதைப் போக்க எங்களுக்கு ஓர் ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

இரண்டரை மணி முதல் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை உணவு. ஒரு வேளைக்கு அரை மணி நேரம். அதற்குள் உண்டது போதும் என்று கிண்ணத்தை எடுத்துவிடுவது. இந்த ஒழுங்கை வைத்துக்கொண்டால் குழந்தையும் தாயும் இளைப்பாற நேரம் கிடைக்கும். குழந்தையை நிமிர்ந்து உட்காரவைத்து, கால் தொங்காமல் ஒரு பலகையில் ஊன்றச் செய்தால் விழுங்குவது எளிதாகிறது. இட்லித் துண்டைக் கையில் பிசைந்து மேலெல்லாம் பூசிக்கொண்டாலும் விடுங்கள். மெல்வதிலோ விழுங்குவதிலோ புரையேறல் அடிக்கடி இருந்தால், பேச்சுப் பயிற்சியாளர்களில் உணவூட்டலுக்குப் பயிற்சி தருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிச் செல்லுங்கள்.

ஏழாம் படி: அளந்து பார்த்தலும் அடுத்த முடிவுகளும்

வாரத்துக்கு ஒருமுறை, ஒரே தராசில், ஒரே நேரத்தில், உடை இல்லாமல் நிறுத்தால் போதும். தினமும் நிறுத்தால் ஐம்பது கிராம் ஏற்ற இறக்கத்தில் தாயின் மனம்தான் நொந்துபோகும். மாதம் ஒருமுறை படுத்த நிலையில் நீளத்தை அளந்து, இரண்டாம் படியில் சொன்ன விழுக்காட்டைக் கணக்கிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சர்க்கரை இறங்குகிறது, எடை நகரவில்லை என்றால் மருத்துவர்கள் மூக்குவழிக் குழாயையோ, வயிற்றில் பொருத்தும் குழாயையோ பரிந்துரைக்கலாம். முடிந்தவரை அதைத் தவிர்க்கவே மருத்துவர்களும் பார்ப்பார்கள். ஆனால் வேறு வழியில்லாத இடத்தில் அது குழந்தையைக் காக்கும் கருவி, தாயின் தோல்வி என்று யாரும் சொல்ல விடாதீர்கள். குழாய் வந்த பின் உணவு எளிதாக உள்ளே போவதால், இலக்கைத் தாண்டி எடை ஏறிவிடாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம். உயரத்துக்காகவும் தசைக்காகவும் வளர்ச்சி ஹார்மோன் ஊசி தொடங்குவது, உணவுக்குறை சரியான பிறகு, குழந்தைகளுக்கான எண்டோகிரைனாலஜி (ஹார்மோன் நோய்கள்) மருத்துவர் எடுக்கும் முடிவு.

நான்கைந்து வயதை ஒட்டிப் பல குழந்தைகளுக்குப் பசி தானாகவே கூடத் தொடங்கும். அவ்வளவு காலம் ஏங்கிய நமக்கு, தட்டை நீட்டி இன்னும் கேட்கும் குழந்தைக்கு நெய்யைக் குறைக்க மனம் வராது. ஆனால் எடை இலக்குக்குள் வந்தவுடன் கூடுதல் நெய்யும் கடலைப் பொடியும் மெல்ல நிற்க வேண்டும். சாதாரண வீட்டுச் சாப்பாடு போதும். என் மகள் போன சித்திரையில் இரண்டாம் தோசை கேட்டபோது, எண்ணெய்க் கரண்டியைப் பாதியிலேயே நிறுத்தக் கற்றுக்கொண்டேன்.

எட்டாம் படி: பையில் ஒரு கடிதம்

இதை இன்றே செய்துவிடுங்கள். குழந்தையின் மருத்துவரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கி, உறையிலிட்டு, வெளியே எடுத்துச் செல்லும் பையில் வையுங்கள். குறைபாட்டின் பெயர், இந்தக் குழந்தையை நெடுநேரம் வெறும் வயிற்றில் வைக்கக் கூடாது என்ற குறிப்பு, வாந்தியோ காய்ச்சலோ இருந்தால் உடனே சர்க்கரை பார்த்துக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும் என்ற வழிமுறை, அறுவை சிகிச்சை என்றால் அன்றைய பட்டியலில் முதலாவதாக எடுக்க வேண்டும், உடல் குளிராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற வேண்டுகோள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். நள்ளிரவில் அவசரப் பிரிவில் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் இந்தக் குறைபாட்டைப் பாடத்தில் ஒரு வரியாக மட்டுமே படித்திருக்கக்கூடும். பதற்றத்தில் நாம் வாயால் விளக்குவதைவிட, கையொப்பமும் முத்திரையும் இட்ட அந்தத் தாளை நீட்டினால் வேலை சீக்கிரம் நடக்கும். எடை மாறும்போதெல்லாம் மருந்தளவும் மாறுமாதலால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கடிதத்தைப் புதுப்பித்து வாங்குங்கள். பள்ளியிலும் ஒரு நகலைக் கொடுத்துவையுங்கள்.